நாலு மணிக் கண்ணாடி

அத்தியாயம் 9

துஷாந்தினி இதுவரை அழவில்லை.

மொனராகலையில் சித்தியின் கருமாதி முடிந்து திரும்பிய அன்று, அவளுடைய அந்தூரியச் செடிகள் எல்லாம் வெந்த கீரை போலத் தொங்கின. அப்போதும் அவள் அழவில்லை. வேலிக்கு அப்பால், கொழுந்தன் கஜேந்திரனின் வீட்டு வாசலைப் பார்த்தாள். அங்கே புல்லும் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. புல்லு மருந்து அடித்திருக்கிறார்கள். குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"காத்துல வந்திருக்குமோ என்னமோ," என்று கஜேந்திரனின் மனைவி யசோதினி சொன்னாள். அந்த 'என்னமோ'வைத்தான் துஷாந்தினியால் மன்னிக்க முடியவில்லை. ஓரகத்திகள் இருவரும் அதன்பிறகு பேசிக்கொள்ளவில்லை.

காரணமும் அவளுக்குத் தெரியும். போன தேர்த் திருவிழாவில் அம்மனுக்கு முன்னால் நின்றது துஷாந்தினியின் அந்தூரியம். யசோதினி காசு கொடுத்து வாங்கி வந்த கடைப்பூ தூணுக்குப் பின்னால் போனது. அன்றைக்கு யசோதினியின் முகம் போன போக்கை எல்லோரும் பார்த்தார்கள்.

செத்த செடிகளைத் துஷாந்தினி முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. கணவர் விஜேந்திரன் தொட்டிகளை அள்ளிக்கொண்டு போய் ஓடைப்பக்கம் கொட்டிவிட்டார். "நீ பார்க்க வேணாம்," என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளுக்காகச் செய்த மென்மையான காரியம் அது ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

தப்பியது மூன்று தண்டுகள். குளியலறை வாளியில் இருந்ததால் தப்பின.

அவற்றுக்கு வீடு வாங்கத்தான் புதன்கிழமை காலை ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு பஸ் ஏறினாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் மற்றவர்களின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்து ஓய்ந்ததற்குக் கிடைத்த சேமலாப நிதி கையில் இருந்தது. நல்ல பசுமைக்கூடம் ஒன்று. அதற்குள் எந்த மருந்தும் போகக் கூடாது. அவள் வீட்டில் சொன்னது அவ்வளவுதான். சொல்லாதது வேறு.

ஞாயிற்றுக்கிழமை யசோதினியின் மகள் லோஜினியைப் பெண் பார்க்க வெலிமடையிலிருந்து வருகிறார்கள். புதிதாகக் கட்டிய மேல்மாடி அறையில் உட்காரவைக்கப் போகிறார்கள். அந்த அறையின் பெரிய சன்னல் துஷாந்தினியின் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது.

*

பதுளை பஜாரில் வாஹித் நானாவின் கடை. முன்பக்கம் பைப்பும் சிமெந்தும். பின்பக்க வெளியில் மாதிரிக்கு இரண்டு பசுமைக்கூடங்கள்.

"போன்ல பேசினது நீங்கதானே தங்கச்சி? என்னத்த வளர்க்குறீங்க?"

"அந்தூரியம், நானா."

"எவ்வளவு ஈக்கி?"

"மூணு தண்டு."

வாஹித் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மூணு தண்டுக்கா கிரீன் ஹவுஸ்?"

"முன்ன நிறைய இருந்துச்சு."

அந்தக் குரலைக் கேட்டபின் அவர் முதல் கூடத்தின் கதவைத் திறந்துவிட்டார்.

துஷாந்தினி உள்ளே போகவில்லை. வெளியே கிடந்த பைப் துண்டுக்குள் விரலை விட்டுத் தேய்த்தாள். விரலில் துரு ஒட்டவில்லை. மூலைத் தூணைப் பிடித்து உலுக்கினாள். அது அசையவில்லை. கூரையின் காற்றுக்கதவைப் பார்த்தாள்.

"இது எந்தப் பக்கம் தொறக்கும்?"

"நீங்க சொல்ற பக்கம். கச்சான் காத்து அடிக்கிற ஊர்ல காத்துக்கு முதுகைக் காட்டித்தான் தொறக்கணும். உங்க ரோட்டுலயே ஒரு ஆளுக்கு எவனோ காத்துக்கு முகம் காட்டி வச்சுக் குடுத்திருக்கான். கூரை போய் தேயிலை மலையில படுத்துக்கிச்சு. கொழுந்து எடுக்கப் போன பொம்பளைங்க அதுல உக்காந்து சோறு தின்னாங்களாம்."

"யார் வச்சுக் குடுத்தது?"

"நான் இல்ல. அதுக்குத்தானே சொல்றேன்."

கூரை பால் நிறத் தகடு. துஷாந்தினி உள்ளே போய்க் கையை நீட்டினாள். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே அவள் கைக்கு நிழலே விழவில்லை. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வந்தது, மேகம் மூடிய காலை போல. அந்தூரியத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு நிமிடம் அவள் வந்த காரியத்தையே மறந்துவிட்டாள். இந்த மூலையில் தென்னை நார்த்தூள் நிரப்பிய தொட்டி, அந்த மூலையில் தண்ணீர்ப் பீப்பாய் என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

வெளியே வந்தபோது கண் கூசியது. இரண்டாவது கூடம் முழுக்கக் கண்ணாடி. அதன் கூரையில் பட்ட வெயில் எதிர்க் கட்டடத்தின் மாடியில் போய் அறைந்தது. அந்த மாடிச் சன்னலை யாரோ உரச்சாக்கால் மூடியிருந்தார்கள்.

"அது எதுக்கு நானா சாக்கு?"

"அந்தத் தையல்காரனைக் கேக்காதீங்க. இதை வச்ச நாள்ல இருந்து எனக்கு ஏச்சு. வெயில் சாஞ்சா அவனுக்கு ஊசிக் கண்ணும் தெரியுதில்லையாம், வாற ஆளு முகமும் தெரியுதில்லையாம். அங்க ஒருத்தரும் உக்கார ஏலாது."

துஷாந்தினி சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதையே குடுங்க."

"இதா? இது ரோசாவுக்கு, கள்ளிக்குச் சரி. அந்தூரியம் இதுக்குள்ள ரெண்டு நாள்ல அவிஞ்சு போகும். மத்ததைப் பாருங்க, விலையும் குறைவு."

"துணி கட்டிக்கிறேன்."

"துணி கட்டுறதுன்னா கண்ணாடி என்னத்துக்கு?"

அவள் கைபேசியில் இருந்த தோட்டத்துப் படத்தைக் காட்டினாள். மேற்கே மேட்டில் அவள் வீடு. கிழக்கே சரிவில் யசோதினி வீடு. நடுவில் ரோட்டிலிருந்து நீளமாக இறங்கும் நிலத்துண்டு. ரோட்டோரம் விஜேந்திரனின் ஆட்டோ நிற்கும் தகரக் கொட்டகை.

"கூரை இந்தப் பக்கமா சரியணும்," என்று கிழக்கே விரலை வைத்தாள். "சனிக்கிழமைக்குள்ள பூட்டித் தர ஏலுமா?"

வாஹித் படத்தைப் பார்த்தார். அதில் கிழக்கு வீட்டின் மாடிச் சன்னலைப் பார்த்தார். பிறகு தையல்காரனின் சாக்கைப் பார்த்தார். வியாபாரத்தில் நரைத்த மனிதர். புரிந்துவிட்டது.

"தங்கச்சி, நான் யாவாரி. கேட்டதைக் குடுப்பேன். செடி செத்தா என் பேரைச் சொல்லாதீங்க."

"யார் பேரைச் சொல்லணும்னு எனக்குத் தெரியும், நானா."

"அப்ப இடத்தை அளந்து பின்னேரம் சொல்லுங்க. அதுக்குப் பொறகுதான் பைப்பை வெட்டுவேன்."

*

நாலு மணிக்கு விஜேந்திரனின் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு துஷாந்தினி தோட்டத்தில் இறங்கினாள்.

கச்சான் காற்று மேட்டிலிருந்து இறங்கி முதுகைத் தள்ளியது. செடிகள் இருந்த இடத்தில் வெறும் செம்மண். தொட்டிகளின் வட்டங்கள் மட்டும் பதிந்திருந்தன. கண்ணாடியைக் கூரை உயரத்துக்குத் தூக்கிக் கிழக்கே சாய்த்தாள். ஒளித்துண்டு ஒன்று யசோதினியின் சுவரில் குதித்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். மாடிச் சன்னலின் புதுத் திரையில் போய் உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் உயரம்.

ஒரு கையளவு கண்ணாடிக்கே இது. கூரை முழுக்கக் கண்ணாடி என்றால்?

அவள் வாய் தானாகக் கோணிச் சிரித்தது.

திரை விலகியது. யசோதினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்ன அக்கா, சின்னப் புள்ளையாட்டம் கண்ணாடி காட்டிக்கிட்டு? பேச வாய் இல்லாம வெளிச்சத்துல கூப்பிடுறீங்களா?"

"அளவு பாக்குறேன்."

"என்னா அளவு?"

"இங்க கிரீன் ஹவுஸ் வருது. கண்ணாடியில."

யசோதினி மறைந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு நிமிடத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்க நின்றாள்.

"அந்த எடத்துலயா? அது வேன் பாதையில்ல?"

"எந்த வேன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. மாப்பிள்ளை வீட்டுல கால் ஏலாத ஒரு பெரியவர் இருக்காரு. வேன் வாசல் வரைக்கும் எறங்கணும். உங்க வீட்டுக்காரர்தான் இந்தத் துண்டை விட்டுத் தர்றேன்னு எங்க இவருகிட்ட சொல்லியிருக்காரு. நாளைக்கு மண்ணு வெட்ட ஆளும் சொல்லியாச்சு. இப்ப வந்து கண்ணாடி வீடு கட்டுறேன்கிறீங்க. பொறாமைக்கும் ஒரு அளவு வேணும் அக்கா."

"எப்ப சொன்னாரு?"

"நீங்க சாவு வீட்டுக்குப் போகுறதுக்கு முன்னாடியே."

துஷாந்தினி கண்ணாடியை வேலியோரம் போட்டாள். வேலிக் கம்பியைப் பிடித்தாள்.

அப்போதுதான் கொடித்தோடையைப் பார்த்தாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலி நீளத்துக்கும் அது படர்ந்திருந்தது. கரும்பச்சை இலைகள். அங்கங்கே பூ. ஒரு இலைகூடக் கருகவில்லை. யசோதினியின் வாசலிலிருந்து மருந்து பறந்து வந்திருந்தால் முதலில் செத்திருக்க வேண்டியது இந்தக் கொடி. இதைத் தாண்டாமல் அந்தூரியத்தை எதுவும் தொட்டிருக்க முடியாது.

காற்று இப்போதும் அவள் முதுகில்தான் அடித்தது. அவள் வீட்டிலிருந்து யசோதினி வீட்டுக்கு.

மூன்று வாரம் இந்த வேலியை முறைத்தபடி திரிந்திருக்கிறாள். வேலிக்கு அப்பால் பார்த்தாளே தவிர வேலியைப் பார்க்கவில்லை. செடியைப் பார்த்தே நோயைச் சொல்லும் அவளுக்கு, கோபம் கண்ணைக் கட்டிவிட்டது.

"யசோ."

பேர் சொல்லிக் கூப்பிட்டதும் யசோதினி கொஞ்சம் தடுமாறினாள். "என்ன?"

"உன் வாசலுக்கு மருந்து அடிச்சது யாரு?"

"வேற யாரு? உங்க வீட்டுக்காரர்தான். எங்க வீட்டுல ஏது மருந்தடிக்கிற டாங்கி? காலையில காத்து எழும்ப முன்னுக்கே வந்து அடிச்சுக் குடுத்தாரு. மிச்சம் இருந்ததைக் கொண்டுபோனாரு." அவள் குரல் பாதியில் மெலிந்தது. அவளுடைய கண்ணும் கொடித்தோடைக்குப் போனது. பிறகு வெறும் மண்ணுக்குப் போனது. "அக்கா, உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்."

துஷாந்தினி மன்னிப்புக் கேட்கவில்லை. யசோதினியும் எதிர்பார்க்கவில்லை. தூணுக்குப் பின்னால் போன கடைப்பூ இன்னும் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"மண்ணு வெட்ட வர்ற ஆளை வேணாம்னு சொல்லிடு," என்றாள் துஷாந்தினி. வீட்டுக்குள் போனாள்.

*

விஜேந்திரன் ஆட்டோவைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டு வந்தார். ஆட்டோ வாங்கும் முன் இருபது வருஷத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தவர். எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து அடித்தால் மருந்து எங்கே போய் விழும் என்று அவருக்குத் தெரியும். தவறி ஒரு துளி விழாது.

தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"வேனுக்கு எவ்வளவு அகலம் வேணுங்க?"

கோப்பையை எடுத்த அவர் கை பாதியில் நின்றது.

"கஜேந்திரன் சொன்னானா?"

"அந்தக் கொடித்தோடை சொல்லிச்சு. அதுல ஒரு சொட்டு படாம அடிச்சிருக்கீங்க. நல்ல கைதான்."

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"புள்ளைக்கு நல்ல எடம் வந்திருக்கு. தம்பி வாய் தொறந்து கேட்டான். உன்னைக் கேட்டா குடுத்திருப்பியா?"

"கேட்டீங்களா?"

"கேட்டா சண்டை வரும். செடி போச்சுன்னா நீயே அந்த எடத்தை விட்டுடுவேன்னு பார்த்தேன். செடிதானே. திரும்ப வளரும்."

"அவ மேல பழி விழுந்துச்சே, அப்பவாவது வாயைத் தொறந்திருக்கலாமே."

"பொம்பளைங்க ரெண்டு நாளைக்குப் பேசாம இருப்பீங்க, பொறகு சேர்ந்துக்குவீங்க. எப்பவும் அப்படித்தானே."

தொட்டிகளை அவர் அள்ளிக்கொண்டு போன காட்சி அவள் கண்ணில் வந்தது. நீ பார்க்க வேணாம். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அவள் எழுந்து கைபேசியை எடுத்தாள். அவர் முன்னாலேயே எண்ணை அழுத்தினாள்.

"நானா, ஸ்பிரிங்வெளியில இருந்து. கண்ணாடி வேணாம். மத்தது. பால் கலர்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் வாஹித். "செடி தப்பிச்சிச்சு. அளவு?"

"நீங்க படத்துல பார்த்த துண்டு முழுக்க. மேல ரோடு வரைக்கும் வரணும்."

"ரோட்டோரம் ஆட்டோக் கொட்டகை ஒண்ணு ஈக்குதே தங்கச்சி."

"அது இருக்காது."

விஜேந்திரன் கோப்பையை வைத்தார். தேத்தண்ணி சிந்தியது. "என்ன பேசுற நீ? ஆட்டோவை எங்க விடுறது?"

"ரோட்டுல விடுங்க. காத்து வெயில் பட்டா செத்துப் போகாது. இரும்புதானே." மறுபடி கைபேசியில் பேசினாள். "சனிக்கிழமை வேணாம் நானா. ஞாயித்துக்கிழமை காலையில ஆளை அனுப்புங்க. குழி வெட்டுற ஆளோட."

"ஞாயித்துக்கிழமையா?" விஜேந்திரன் எழுந்துவிட்டார். "அன்னைக்கு லோஜினிக்கு..."

"தெரியும்."

"வாற ஆளுங்க முன்னால என் தம்பி மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

"அதை நான் பார்க்கணும். அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை."

மறுமுனையில் வாஹித் தொண்டையைக் கனைத்தார். சண்டை நடக்கும் வீட்டில் வியாபாரி கேட்க வேண்டியதை மட்டும் கேட்டார். "கதவுக்குப் பூட்டு வருது. சாவி எத்தனை வேணும்?"

"ஒண்ணு."

*

இருட்டுவதற்கு முன் மூன்று தண்டுகளுக்கும் தண்ணீர் மாற்ற வாளியுடன் வெளியே வந்தாள். ஒன்றின் அடியில் வெள்ளையாய் வேர் எட்டிப் பார்த்தது. தொட்டுப் பார்க்காமல் விட்டாள்.

சவரக் கண்ணாடி வேலியோரம் அவள் போட்ட இடத்திலேயே கிடந்தது. குனிந்து எடுத்தபோது கொடித்தோடைக்குப் பின்னால் இலை அசைந்தது. காற்று அப்போது விழுந்திருந்தது.

"பெரியம்மா."

லோஜினி. பதுளையில் கணினிக் கடையில் வேலை பார்க்கும் பிள்ளை. சாதாரணமாகச் சத்தமாகச் சிரிக்கிறவள். இப்போது குரல் இலைக்கு வெளியே வர மறுத்தது.

"எல்லாம் கேட்டுச்சு. அம்மாவும் கேட்டாங்க. அப்பாவைக் கூட்டிக்கிட்டு நாளைக்குக் காலையில உங்ககிட்ட வந்து கெஞ்சப் போறாங்க, குழி வெட்டுற நாளை மாத்தச் சொல்லி."

"அதைச் சொல்ல உன்னை அனுப்பினாங்களா?"

"இல்ல." இரண்டு விரல் கொடியை விலக்கியது. ஒரு கண் தெரிந்தது. "மாத்தாதீங்க. ஞாயித்துக்கிழமையே குழி வெட்டச் சொல்லுங்க. எனக்கு அந்த வேன் வரவே வேணாம் பெரியம்மா."

துஷாந்தினி வாளியைக் கீழே வைத்தாள்.

அவளுக்கு இது பிடிக்கவில்லை. பழி வாங்குவது அவளுடைய சொந்த வேலை. அதற்குள் இன்னொருத்தியின் கண்ணீர் வந்து ஒண்டிக்கொள்வதை அவள் கேட்கவில்லை. குழி வெட்டினால் புருஷன் தலை குனிவான். அது வரைக்கும்தான் அவள் கணக்கு. ஒரு பிள்ளையின் வாழ்க்கை அதே குழிக்குள் விழுவதா, அதிலிருந்து ஏறுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேற ஆள் இருக்கா?"

அதற்குள் மேலே யசோதினி, "லோஜி, எங்கடி இருக்க?" என்று கூப்பிட்டாள்.

துஷாந்தினி கண்ணாடியைக் கொடியின் இடுக்கில் நீட்டினாள்.

"இதை வச்சுக்க. சனிக்கிழமை நாலு மணிக்கு நான் இங்க நிப்பேன். நல்லா யோசிச்சு, நெசமாவே வேணாம்னா மாடியில நின்னு இதை என் பக்கம் திருப்பு. வெளிச்சம் வந்தா ஞாயித்துக்கிழமை குழி வெட்டுவேன். வரலைன்னா ஒரு நாள் தள்ளி வெட்டுவேன். ஆனா வெட்டுவேன்."

விரல்கள் கண்ணாடியை வாங்கிக்கொண்டன. கொடி மூடிக்கொண்டது.

வாளியைத் தூக்கிக்கொண்டு துஷாந்தினி வீட்டைப் பார்த்து நடந்தாள். விடிந்தால் விஜேந்திரன் முகம் மழிக்கக் கண்ணாடி தேடுவார்.

தேடட்டும்.